வேப்பெண்ணெயா, சோப்பா... மாவுப்பூச்சியைக் கொன்றது எது?

கேள்வி: மாடித்தோட்டத்தில் 12 செம்பருத்தித் தொட்டிகள். வேப்பெண்ணெயில் காதி சோப் கரைசல் கலந்து தெளித்ததும் மாவுப்பூச்சி குறைந்தது. ஆனால், இலைகள் கருகின. இரண்டில் ஒன்றை நிறுத்தலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: எண்ணெயைத் தண்ணீரில் கரைப்பதோடு, சோப் தானே மாவுப்பூச்சியைக் கொல்லவும் செய்யும். அதனால், கலவையை மட்டும் தெளித்துப் பார்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் பண்ணையில் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் வகுத்த முறை இதற்குக் கைகொடுக்கும்.

பூச்சி மறுபடி வரும்போது, சீட்டுக் குலுக்கி மும்மூன்று தொட்டிகளாகப் பிரியுங்கள். வெறும் தண்ணீர், சோப் மட்டும், எண்ணெய் மட்டும், இரண்டும் சேர்த்து எனத் தெளியுங்கள். கலவையில் உள்ள அதே அளவே தனித்தனியாகவும் இருக்க வேண்டும். எண்ணெயைக் குலுக்கிக்கொண்டே தெளியுங்கள். மூன்றாம் நாள் உயிருள்ள பூச்சிகளை எண்ணுங்கள்.

தண்ணீர்த் தொட்டிகளில் இருப்பதை 100 என்று கொள்ளுங்கள். உதாரணமாக, சோப் 50-ஐக் கொன்றால் மீதி 50. எண்ணெய் தனியாக 20 சதவிகிதம் கொன்றால், அந்த 50-ல் 10 சாகும். ஆக, கலவையில் எதிர்பார்ப்பது 60. அதைவிட நன்றாகக் கூடினால், ஒன்றுக்கொன்று துணை. எதையும் நிறுத்தக் கூடாது. குறைந்தால், ஒன்றையொன்று கெடுக்கிறது.

கருகலையும் குறித்துவையுங்கள். சோப் மட்டும் தெளித்த தொட்டிகளிலும் இலை கருகினால், முதலில் குறைக்க வேண்டியது சோப்பைத்தான்.