தனிக் குவளை கிருமியைத் தடுக்காது

தாராசுரத்தில் ஒரு சின்ன கிளினிக். திரைக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் காத்திருப்பவர்கள் காதில் விழும். "கல்லீரல்ல ஹெபடைடிஸ் சி இருக்கு" என்று மருத்துவர் சொன்னதும் அந்தப் பெரியவர், வயல் வேலைக்குப் போகிறவர், கேட்ட முதல் கேள்வி: "அப்ப தட்டு, டம்ளரெல்லாம் தனியா வச்சுக்கணுங்களா?" அவர் வெளியே வந்தபோது பெஞ்சில் இருவர் நகர்ந்தார்கள். இடம் கொடுப்பதற்காக அல்ல.

தனிக் குவளை என்றால் என்னவென்று அவருக்கோ, எங்கள் தெருவுக்கோ யாரும் விளக்க வேண்டியதில்லை. நோய் என்று வந்தாலும் ஆளைத் தள்ளிவைப்பதுதான் இந்த ஊருக்குத் தெரிந்த தடுப்புமுறை. ஆனால் இந்த வைரஸ் தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது. ரத்தத்தின் வழியாகப் பரவுவது. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, பரிசோதிக்காத ரத்தம், பச்சை குத்தும் ஊசி, சவரக் கத்தி. (கத்தி என்றதும் முடிதிருத்தும் தோழரைச் சந்தேகிப்பவர்கள், ஊசி போடும் டாக்டரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.)

டம்ளருக்குப் பயப்படும் நாம் ஊசியைக் கேட்டு வாங்குகிறோம். மாத்திரை போதும் என்றால் "இவரு நல்ல டாக்டர் இல்ல" என்கிறோம். எகிப்தில் நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1980களின் தொடக்கம்வரை அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. சரியாகக் கொதிக்கவைக்காத கண்ணாடி சிரிஞ்சுகள் நைல் டெல்டா விவசாயிகளின் உடலில் ஹெபடைடிஸ் சி-யை ஏற்றின. அதே நாடுதான் 2018-19இல் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, தொற்று இருந்தவர்களுக்கு இலவசமாக மருந்து தந்தது.

இங்கும் 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தடுப்பூசி கிடையாது. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் முழுமையாகக் குணமாகிறார்கள். பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் கல்லீரலைத் தின்னும் நோய் இது, பரிசோதிக்காமல் தெரியாது. இதைச் சொல்லும் ஒரு தாள் அந்தச் சுவரில் இல்லை. "செருப்பை வெளியே விடவும்" மட்டும் இருந்தது. பெரியவருக்குப் பக்கத்திலிருந்தவர் கீழாநெல்லியைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார்.

நான் கிளம்பும்போது கூட்டும் அக்கா, பஞ்சும் ஊசியும் கிடந்த வாளியை வெறுங்கையால் அள்ளிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். "நீங்க டெஸ்ட் எடுத்தீங்களாக்கா?" என்றேன்.

"எனக்கு எதுக்குத் தம்பி? நான் நோயாளி இல்லையே."