நிறத்தில கை வைக்காதேங்கோ

2003இல் தொடங்கின லிங்க்ட்இன்னில் முகப்படம் போடும் வசதி 2007இல்தான் வந்தது. இப்ப படமில்லாத கணக்கை ஆரும் நம்புறேல்லை. சமூக ஊடக வேலையே தொழிலான எங்களுக்கு அது கடைப் பெயர்ப்பலகை மாதிரி. சரி, படம் வேணும்தான்.

ஆனா ஸ்டூடியோவில என்ன நடக்குது? முதலில் ஒரு கோட். எங்களுக்கு முன்னால எத்தினை பேர் போட்டதோ! பிறகு, கேட்காமலே முகத்தை வெள்ளையாக்கி, மச்சத்தையும் அழிச்சுத் தருகினம். எங்களில் ஒருத்தி அப்படியொரு படத்தைப் போட்டிட்டு நேர்முகத்துக்குப் போனாள். "படத்தில இருக்கிறது நீங்கள்தானோ?" அதுதான் முதல் கேள்வி. அவள் சிரிச்சுச் சமாளிச்சாள். வீட்டுக்கு வந்து படத்தைத் தூக்கிப்போட்டாள்.

ஏஐ செயலிகள் பலதும் இதைத்தான் செய்யுது, கோட்டுக்குள்ள புகுந்து வேர்க்கிறதுதான் மிச்சம்.

யன்னல் வெளிச்சம் காணும். வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கோ, போனைக் கண்மட்டத்தில பிடிக்க ஒரு சிநேகிதரைக் கூப்பிடுங்கோ. செல்ஃபி வேண்டாம், கிட்டப் பிடிச்சா மூக்குப் பெருத்துத் தெரியும். படம் வட்டமாகத்தான் வெட்டுப்படும், தலையைச் சுத்தி இடம் விடுங்கோ. பியூட்டி பில்டரை நிப்பாட்டுங்கோ.

ஸ்டூடியோவுக்குத்தான் போறதெண்டால், கதிரையில இருக்க முதலே சொல்லிப்போடுங்கோ: "அண்ணை, நிறத்தில மட்டும் கை வைக்காதேங்கோ."