சுவையற்றதே தூயது என்போர்க்கு

மணமில்லை, சுவையில்லை, நிறமில்லை. ஆகவே அதுதான் உயர்ந்த ஓட்கா! எலுமிச்சைத் தோலும் மிளகாயும் புல்லும் ஊறிய ஓட்காவோ தாழ்ந்தது, கறைபட்டது, நாக்கு முதிராதோர்க்கு உரியது! இவ்வாறு தீர்ப்பளித்திடும் பெரிய மனிதர்களை மதுச்சுவை அறிந்தோர் கூட்டத்திலே நிரம்பக் காண்கிறோம். குடிக்க வாரீர் என்று எவரையும் நாம் அழைக்கவில்லை. ஆனால், "கலந்தது இழிவு, கலவாதது உயர்வு" என்ற குரல் கோப்பைக்குள்ளிருந்து எழுந்தாலும், அதன் பிறப்பை விசாரித்திடுவது நம் கடனன்றோ?

விசாரிப்போம். ருசியாவிலும் போலந்திலும் பழங்கால வாலைகளிலே வடித்த சாராயம் துர்நாற்றம் வீசிற்று. அதை மறைத்திட வேரையும் விதையையும் பழத்தையும் தேனையும் சேர்த்தனர் மக்கள். மறைக்கச் சேர்த்தது நாளடைவில் விரும்பிச் சேர்ப்பதாயிற்று. ஆக, சுவையேறிய ஓட்காவே மூத்தது! தூயது என்று துதிக்கப்படுவதோ, 19ஆம் நூற்றாண்டில் நெடிய கோபுர வாலைகள் வந்தபின் வளர்ந்த இளையது. 1895இல் ருசியப் பேரரசின் நிதியமைச்சர் விட்டே தொடங்கிய அரசு ஏகபோகம், அதை மாகாணந்தோறும் பரப்பிற்று. கஜானாவின் வசதி, காலப்போக்கில் புனிதமாயிற்று!

புனிதம் என்றால் புராணமும் வேண்டுமே! 40 விழுக்காடு என்ற அளவை அறிவியல் மேதை மெண்டலீவ் கண்டறிந்தார் என்கின்றனர். 1865ஆம் ஆண்டு அவர் அளித்த ஆய்வுரையைச் சான்று காட்டுகின்றனர். அந்த உரை, ஆல்ககாலும் நீரும் கலப்பது பற்றியது. ஓட்கா செய்முறை அன்று. ருசிய அரசு 40 பாகை அளவை வகுத்தது 1843இல். மெண்டலீவ் பிறந்ததோ 1834இல். ஒன்பது வயதுச் சிறுவனா பேரரசுக்கு அளவு வகுத்துக் கொடுத்தான்?

இனி, சுவையைப் பார்ப்போம். போலந்தின் ஜுப்ரூஃப்கா போத்தலுக்குள் ஒரு புல்லிதழ் நிற்கும். காட்டெருமைகள் உலவும் பியாவோவியேஜா காட்டுப் பகுதியின் புல் அது. கூமரின் என்னும் பொருள் அதற்கு மணம் தருகிறது. புதிதாய் உலர்ந்த வைக்கோல், அதன்பின் வனிலா, கடைசியில் பாதாமின் மெல்லிய நிழல்! ஆப்பிள் சாறு சேர்த்தும் அருந்துகின்றனர். அமெரிக்கா 1954இல் கூமரினை உணவில் சேர்க்கத் தடை விதித்ததால், அந்நாட்டிற்கென்று கூமரின் இல்லா வகையைச் செய்ய நேர்ந்தது.

உக்ரைனின் மிளகாய் ஹொரீல்காவிலே முதலில் தேனின் இனிமை; விழுங்கியபின் மெல்ல ஏறும் எரிவு. மிளகாயின் காரம் நீரிலே கரையாது, ஆல்ககாலிலே கரையும். எலுமிச்சைத் தோலின் எண்ணெயும் அத்தகையதே. தோலடியில் உள்ள வெள்ளைப் பகுதியைச் சேர்த்தாலோ கசப்பேறும். ஆதலால் மேல்தோலை மட்டும் மெலிதாய்ச் சீவுகின்றனர். தூய்மைவாதியார் பரிந்துரைக்கும் உறைகுளிரோ மணத்தை அடைத்து வைத்திடும். குளிர் சற்றே தணியட்டும், முதலில் முகரட்டும், சிறுகச் சிறுகப் பருகட்டும்.

சாயமும் சர்க்கரையும் செயற்கை எசன்சும் கொட்டி, பழத்தின் படத்தை மட்டும் ஒட்டி விற்போரை நாம் ஆதரிக்கவில்லை. அவர்தம் குற்றம் சுவை சேர்த்ததன்று. பழத்தையே காணாமல் பழச்சுவை என்றது. அதைக் காட்டிச் சுவையையே பழித்திடுவானேன்?

தனித்த மணமோ சுவையோ இல்லாததே ஓட்கா என்று அமெரிக்கச் சட்டம் பல ஆண்டுகள் ஓதி வந்தது. 2020இல் அந்த வரியை அமெரிக்க அரசே நீக்கிவிட்டது. தூய்மைவாதியார் இனி எந்தச் சட்டத்தைக் காட்டுவார்?