நெட்வொர்க்கிங்னா விசிட்டிங் கார்டு பொறுக்குறதா?

போன வாரம் எங்க சித்தி பையன் போன் பண்ணான். திருநெல்வேலிப் பக்கம் இன்ஜினியரிங் முடிச்சுட்டு, சென்னையில மூணு வருஷமா குப்பை கொட்டுறான். "அண்ணே, ஸ்டார் ஹோட்டல்ல நெட்வொர்க்கிங் ஈவென்ட்டாம். நாலாயிரம் ரூவா. போனா பெரிய கம்பெனிக்கு மாறலாம்னு சொல்றாங்க. கட்டவா?"

கட்டாதேன்னுட்டேன். ஏன்னு அவன்கிட்ட சொன்னதை உங்ககிட்டயும் சொல்றேன்.

இந்த மாதிரி இடத்துக்குப் போறவங்களுக்கு அறிவுரை சொல்லவே ஒரு கோஷ்டி இருக்கு. முப்பது வினாடியில உங்களைப் பத்திச் சொல்லப் பழகுங்க, கையை அழுத்திக் குலுக்குங்க, இருபது கார்டாவது வாங்காம வெளிய வராதீங்க. கேட்டா, "வேலை தெரிஞ்சா போதாது தம்பி, ஆள் தெரியணும்".

ஆள் தெரியணும்கிறது பொய் இல்லை. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்கிற ஊர்ல, தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்களை விசாரிச்சு 1973-ல ஒரு கட்டுரை எழுதினார். வேலை பத்திச் சொன்ன ஆளை எவ்வளவு தடவை பார்ப்பீங்கன்னு கேட்டதுக்கு, 'அடிக்கடி'ன்னவங்க 16.7 சதவீதம்தான். 'எப்பவாவது' 55.6, 'அபூர்வமா' 27.8. நெருங்கின சிநேகிதனுக்கு நமக்குத் தெரிஞ்ச சேதிதான் தெரியும். தள்ளி இருக்கிறவர்கிட்டதான் புதுச் சேதி இருக்கும். விஷயம் அம்புட்டுதான்.

அறிவுரை சிகாமணிகள் இதோட நிறுத்திக்கிறாங்க. அந்த 'எப்பவாவது' ஆளுங்க யாரு? பெரும்பாலும் பழைய ஆபீஸ்ல கூட இருந்தவர், காலேஜ்ல கூடப் படிச்சவர். நம்ம வேலையை எப்பவோ கண்ணால பார்த்தவங்க. சமோசா தட்டோட ரெண்டு நிமிஷம் பேசிட்டு நகர்ந்தவர் இந்தக் கணக்குல வரமாட்டார். 2022-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு லிங்க்ட்இன்ல இருக்கிற 2 கோடிக்கும் மேலானவங்களை வச்சுப் பார்த்தது. அங்கயும் வேலை மாற அதிகமா உதவினது ஓரளவு பழக்கம் உள்ள தூரத்து ஆளுங்கதான். பேருக்குத் தெரிஞ்சவங்க அந்த அளவுக்கு உதவலை.

சரி, புது ஆளுங்க பழக்கமாவது ஆவாங்களா? கொலம்பியா பல்கலைக்கழகத்துல பால் இங்கிரம், மைக்கேல் மாரிஸ்னு ரெண்டு பேர், ஒரு பார்ட்டிக்கு வந்தவங்களுக்கு எலக்ட்ரானிக் பேட்ஜ் மாட்டிவிட்டு யார் யாரோட பேசறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. 2007-ல அது வெளிவந்தது. புது ஆளுங்களைச் சந்திக்கணும்னு சொல்லிட்டு வந்தவங்க, உள்ள நுழைஞ்சதும் தெரிஞ்சவங்களையே தேடிப் போய் ஒட்டிக்கிட்டாங்க. நம்ம கல்யாண வீட்டுப் பந்தி கதைதான்!

சொந்தக் கதையும் சொல்லிடறேன். 2009-ல வேலை போய் உக்காந்திருந்தப்ப நானும் இப்படி ஒண்ணுக்குப் போனேன். 37 கார்டு. 37 பேருக்கும் மெயில். பதில் வந்தது மூணு, அதுல ஒண்ணு இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்லி. அதே கூட்டத்துல லேப்டாப் மக்கர் பண்ணி மேடையில முழிச்சுக்கிட்டு இருந்த ஒருத்தருக்கு, என் லேப்டாப்பைக் குடுத்துப் பக்கத்துல நின்னு ஸ்லைடு தள்ளிவிட்டேன். கார்டு கூட மாத்திக்கலை. அப்புறம் டீ குடிக்கறப்ப டேட்டாபேஸ் பத்தி அரை மணி நேரம் பேசினோம். எட்டு மாசம் கழிச்சு, என் நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டது அவர்தான்.

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. தமிழ் மீடியத்துல படிச்சவன், கோட்டு இல்லாதவன், இங்கிலீஷ்ல முதல் வாக்கியத்துக்கே வேர்க்கிறவன், தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டு, "எனக்குத்தான் சாமர்த்தியம் பத்தலை"ன்னு வீட்டுக்குப் போறான். நாலாயிரமும் குடுத்து தாழ்வு மனப்பான்மையையும் வாங்கிட்டு வரான். ஏற்கெனவே ஆள் தெரிஞ்சவனுக்குத் தோதான இடத்துல இவனை நிறுத்திட்டு, குறை இவன்கிட்டன்னா என்ன நியாயம்?

அப்ப எங்கயுமே போக வேண்டாமா? போங்க சாமி, வேலை செய்யப் போங்க. 2005-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு 2006-ல சென்னைக்கும் வந்த பார்கேம்ப்ல, வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கு இடமில்லைங்கறதுதான் அடிப்படையே. வந்தவங்க எல்லாரும் ஏதாவது செய்யணும். காசு வாங்காத இந்த மாதிரி தொழில்நுட்பக் கூட்டங்களுக்குப் போங்க. பதிவு மேசையில உக்காருங்க, நாற்காலி தூக்கிப் போடுங்க. பேசினவர்கிட்ட உருப்படியா ஒரு கேள்வி கேளுங்க, தமிழ்ல கேட்டாலும் தப்பில்லை. மூணே மூணு பேர்கிட்ட நிதானமாப் பேசுங்க. அனுப்பறேன்னு சொன்னதை மறுநாளே அனுப்புங்க. ஆறு மாசம் கழிச்சு, எதையும் கேக்காம, ஒரு தடவை நலம் விசாரிங்க.

தம்பிகிட்ட கடைசியா சொன்னது: "பழைய ஆபீஸ் ஆளுங்க நாலு பேரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடு. நூறு ரூவாயில முடிஞ்சுடும். மீதியைச் சித்திக்கு அனுப்பு."

டிஸ்கி: கோட்டு போட்ட அன்பர்கள் கோவிச்சுக்க வேண்டாம். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, கல்யாண ரிசப்ஷனுக்குத் தைச்சது. இப்ப பட்டன் போட முடியலை.