கோப்பை ஜெயித்த ஊரில் இப்போ டீமே இல்லை! கோவை கால்பந்து எங்கே போச்சு?

பீளமேடு:

2019 மார்ச் 9, சனிக்கிழமை. வ.உ.சி. பூங்கா பக்கம் போன பஸ்சில் எல்லாம் கூட்டம் நிரம்பி வழிந்தது. எல்லாரும் நேரு ஸ்டேடியத்தில்தான் இறங்கினார்கள். அன்றைக்கு ஐ-லீக் கால்பந்து போட்டியின் கடைசி நாள். சென்னை சிட்டி அணியும் மினர்வா பஞ்சாப் அணியும் மோதின. சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை. சறுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

ஆட்டம் ஆரம்பித்து மூணாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டுவிட்டது. கேலரி கப்சிப். இடைவேளை வரைக்கும் அதே கதைதான். 56-வது நிமிஷம் பெனால்டி கிடைத்தது, பெட்ரோ மான்சி அடித்தார். அதுக்கப்புறம் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் கவுரவ் போரா ரெண்டு கோல் போட்டார். 3-1. மொத்தம் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42. ஒத்தைப் புள்ளியில் இந்தியாவின் ஐ-லீக் கோப்பை கோவை மண்ணில் தூக்கப்பட்டது. கேலரியில் இந்தச் செய்தியாளரும் இருந்தார். தொண்டை கட்டிப்போய் ரெண்டு நாள் பேச்சே வரவில்லை.

இப்போ அதே ஸ்டேடியத்துக்கு சாயங்காலம் போய்ப் பாருங்க. வாக்கிங் போகிறவர்கள் இருக்கிறார்கள், தடகளப் பசங்க ஓடுகிறார்கள். ஐ.எஸ்.எல்., ஐ-லீக் ரெண்டிலும் கோவைக்கு என்று ஒரு டீம் கிடையாது. கோப்பை ஜெயித்த ஊர், பக்கத்து ஊர் ஆட்டத்தை செல்போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எப்படி இப்படி ஆச்சு? யார் மேல் தப்பு? கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

வந்த டீம், போன டீம்

முதல் விஷயம், சென்னை சிட்டி நம்ம ஊரில் முளைத்த டீம் இல்லை. பேரிலேயே சென்னை இருக்கிறது. 1946-ல் சென்னையில் ஆரம்பித்த நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அதற்கு மூலம். ஐ-லீக்குக்குள் வந்த பிறகு கோவையை ஹோம் கிரவுண்டாக வைத்துக்கொண்டது. நம்ம ஜனமும் பேரைப் பார்க்காமல் சொந்த டீமாக ஏற்றுக்கொண்டது.

சிங்கப்பூரில் இருந்து வந்த அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினில் இருந்து வந்த மான்சி, நெஸ்டர், சான்ட்ரோ கூட்டணி. கூடவே தமிழ்நாட்டுப் பசங்க. அந்த சீசனில் மான்சி மட்டும் 21 கோல். 20 ஆட்டத்தில் 13 வெற்றி, மூணே மூணு தோல்வி. பெரிய காசுக்கார டீம் ஒண்ணும் இல்லை. அதனால்தான் அந்தக் கோப்பைக்கு அவ்வளவு மவுசு.

அடுத்து நடந்ததுதான் சோகம். 2019-ல் சுவிட்சர்லாந்தின் எப்.சி. பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனி ஓகோ என்று போகும் என எல்லாரும் நினைத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் நிலை லீக் என்று ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. ஐ-லீக் கீழே இறங்கியது. கோப்பை ஜெயித்த டீமுக்கு மேலே ஏற வழி கிடையாது. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழையும் வாய்ப்பு 2023-ல்தான் முதல் தடவையாக ஒரு பஞ்சாப் டீமுக்குக் கிடைத்தது. நம்மாட்கள் நாலு வருஷம் முன்னாடியே ஜெயித்துவிட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு!

2020 மார்ச்சில் கொரோனா வந்து சீசன் பாதியில் நின்றது. அடுத்த சீசன் முழுக்க மேற்கு வங்காளத்திலேயே பூட்டிய கேலரியில் நடந்தது. கோவை ரசிகருக்கு டீமை நேரில் பார்க்கவே முடியவில்லை. அந்த 2020-21 சீசனோடு சரி. அதற்கப்புறம் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி பேரே இல்லை.

ஒரு கோப்பை, ரெண்டு வருஷம், மொத்தக் கதையும் முடிந்தது.

டீம் போனது மட்டுமா பிரச்சினை?

இங்கேதான் உண்மையைப் பேச வேண்டும். ஒரு டீம் போனால் ஊரின் கால்பந்தே படுத்துவிடுமா? வேர் இருந்தால் படுக்காது. நமக்கு வேர் பலமாக இல்லை என்பதுதான் கசப்பான உண்மை.

தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தைப் பாருங்க. தூத்தூர், இரவிபுத்தன்துறை என்று வரிசையாகக் கடலோரக் கிராமங்கள். மீன் பிடிக்கிற குடும்பத்துப் பசங்க. ஊருக்கு ஊர் கிளப், ஊருக்கு ஊர் கிரவுண்டு, கோயில் திருவிழாவுக்கு டோர்னமென்ட். பக்கத்திலேயே தூத்தூர் புனித யூதா கல்லூரி. சென்னை சிட்டியில் ஆடிவிட்டு ஜாம்ஷெட்பூர், ஏ.டி.கே. என்று பெரிய டீம்களுக்குப் போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான். அங்கே எந்த முதலாளியும் வந்து டீம் வைக்கவில்லை. ஊரே டீமை வைத்திருக்கிறது. முதலாளி போனாலும் ஊர் போகாது இல்லையா?

மேற்கே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலப்புறம். அங்கே ஆளுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு டிக்கெட் வாங்கி, கேலரி கட்டி, ராத்திரி லைட்டில் பார்க்கிறார்கள். 2024-ல் கேரளா தனக்கு என்று ஆறு டீம் வைத்து சூப்பர் லீக் கேரளா ஆரம்பித்தது. கோழிக்கோடு, மலப்புறம், கண்ணூர், திருச்சூர், கொச்சி, திருவனந்தபுரம் என்று ஊர் பேரிலேயே டீம். முதல் கோப்பையை காலிகட் எப்.சி. தூக்கியது. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு வாளையார் செக்போஸ்ட்தான்.

அயர்லாந்து கதை ஒண்ணு

கொஞ்சம் தூரமாகவும் போய்ப் பார்ப்போம். அயர்லாந்து நாட்டில் கேலிக் கால்பந்து என்று ஒரு ஆட்டம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். 1884-ல் ஆரம்பித்த சங்கம்தான் இன்றைக்கும் நடத்துகிறது. ஆடுகிறவனுக்குச் சம்பளமே கிடையாது. பகலில் டீச்சர் வேலை, விவசாயம், கட்டட வேலை. சாயங்காலம் கிரவுண்டு. பிறந்த ஊர் கிளப்புக்கு ஆடணும், நல்லா ஆடினால் மாவட்ட டீமுக்குப் போகலாம். காசு கொடுத்து வேறு மாவட்டக்காரனை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் பைனலுக்கு டப்ளின் குரோக் பார்க் ஸ்டேடியத்தில் 82 ஆயிரம் பேர் கூடுவார்கள்!

அதிலே லீட்ரிம் என்று ஒரு சின்ன மாவட்டம். 2022 கணக்குப்படி மொத்த ஜனத்தொகையே 35 ஆயிரம் சொச்சம். நம்ம மாநகராட்சியில் ஒண்ணு ரெண்டு வார்டுக்குச் சமம். தேசிய சாம்பியன் பட்டம் ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. மண்டலக் கோப்பையை 1927-ல் ஒரு தடவை, அப்புறம் 67 வருஷம் காத்திருந்து 1994-ல் ஒரு தடவை. அவ்வளவுதான். ஆனாலும் வருஷா வருஷம் டீம் இறங்குகிறது. தோற்றாலும் ஊர் கூடுகிறது.

நமக்கு ஒரு கோப்பை கிடைத்தது, டீம் இல்லை. அவர்களுக்குக் கோப்பை இல்லை, டீம் இருக்கிறது. எது பெரிசு என்று நீங்களே சொல்லுங்க.

பீளமேட்டிலேயே பதில் இருக்கு!

ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பீளமேட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கூடைப்பந்து!

பி.எஸ்.ஜி. கோப்பை அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி ஐம்பது தடவைக்கு மேல் நடந்துவிட்டது. ராணுவம், ரயில்வே, வங்கி என்று நாட்டின் பெரிய டீம்கள் எல்லாம் அவினாசி ரோட்டுக்கு வந்து போயிருக்கின்றன. பீளமேட்டுப் பையன் ஓசியில் கேலரியில் உட்கார்ந்து இந்தியா டீம் ஆட்டக்காரனைப் பத்தடி தூரத்தில் பார்க்கிறான். நாளைக்கே பந்தை எடுக்கிறான்.

இது ஏன் நிலைத்தது? மூணு காரணம். ஒண்ணு, வருஷா வருஷம் விடாமல் நடத்த ஒரு நிறுவனம் பின்னால் நிற்கிறது. ரெண்டு, கிரவுண்டு சொந்தம், யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. மூணு, ஆட்டக்காரனுக்குக் காலேஜ் சீட்டும், அதன் வழியாக ஒரு வேலையும் கிடைக்க வழி இருக்கிறது. இந்த மூணும் கால்பந்துக்கு அமையவில்லை. நம்ம ஊர்ப் பையனுக்கு காலில் திறமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

வேலைதான் மேட்டர்

ஒரு காலத்தில் பந்து ஆடினால் வேலை கிடைத்தது. சென்னையில் ரயில்வே, ஐ.சி.எப்., இந்தியன் வங்கி டீம்கள் எல்லாம் ஆட்டக்காரனை வேலைக்கு எடுத்தன. இந்தியன் வங்கி டீம் தேசிய கால்பந்து லீக் வரைக்கும் போய் ஆடியது. 'பந்து ஆடி என்ன சாதிச்சே' என்று கேட்கிற அப்பாவுக்கு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் காட்ட முடிந்தது.

கோவையில் நம்ம பொழைப்பு மில்லும் பட்டறையும்தான். பீளமேடு ரங்கவிலாஸ் மில் 2020 லாக்டவுனில் நின்றது எல்லாருக்கும் தெரியும். மில்லே தடுமாறுகிற காலத்தில் மில்லுக்கு ஒரு டீம் என்று யார் யோசிப்பார்கள்? பம்பு கம்பெனி, மோட்டார் கம்பெனி, பவுண்டரி எல்லாம் ஆர்டர் கிடைக்கிறதா, ஜி.எஸ்.டி. கட்டினோமா என்கிற கவலையில் ஓடுகின்றன.

பையனின் நிலைமையைப் பாருங்க. பதினாலு வயசில் ஸ்கூல் டீம். பதினாறில் மாவட்ட டீம் செலக் ஷன். பதினெட்டில் லேத் பட்டறையில் ஷிப்ட். ஷிப்ட் முடிந்து வந்தால் கிரவுண்டு இருட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம். இருபதில் அதுவும் நின்று போகிறது. இதுதான் பாதிப் பேருடைய கதை.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பெரிய போட்டியில் பதக்கம் வேண்டும். பதக்கம் வேண்டும் என்றால் பெரிய போட்டியில் ஆட வேண்டும். ஆடுவதற்கு லீக் வேண்டும். ஏணியின் முதல் படியே உடைந்து கிடந்தால் பையன் எப்படி ஏறுவான்?

பொண்ணுங்க காட்டிய வழி

சந்தோஷ் டிராபியை தமிழ்நாட்டு ஆண்கள் டீம் இதுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஆனால் பெண்கள் டீம்? 2018-ல் மணிப்பூரை வீழ்த்தி தேசிய சாம்பியன். 2023-ல் அரியானாவை வீழ்த்தி மறுபடியும் சாம்பியன். மதுரையின் சேது எப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையையே தூக்கியது. இந்தியாவுக்காக ஆடிய கடலூர் இந்துமதி இன்றைக்குத் தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் என்பது குறிப்பிடத்தக்கது. சின்ன ஊர், விடாமல் பயிற்சி, கடைசியில் ஒரு வேலை. வழி இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கிரவுண்டா, டர்ஃபா?

ஊருக்குள் இப்போ தடுக்கி விழுந்தால் டர்ஃப். வலை கட்டி, லைட் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து பங்கு போட்டு ஆடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பட்டறைக்காரர் பையனால் தினமும் அந்த வாடகையைக் கொடுக்க முடியுமா? முன்னே காலி இடத்தில் ரெண்டு செங்கல் வைத்தால் கோல் போஸ்ட். இப்போ காலி இடம் எல்லாம் அபார்ட்மென்ட் ஆச்சு, பார்க்கிங் ஆச்சு.

அரசு ஒண்ணுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் நடந்த நாலு ஊரில் கோவையும் ஒண்ணு. ஒண்டிப்புதூரில் சர்வதேச கிரிக்கெட் ஸ்டேடியம் என்று 2024-ல் அறிவிப்பும் வந்தது. கிரிக்கெட்டுக்கு ஸ்டேடியம் வரட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வார்டுக்கு வார்டு ஒரு மண் கிரவுண்டு கேட்டால் அது பெரிய ஆசையா?

மேலேயும் ஓட்டைதான்

நாட்டு நிலவரமும் நன்றாக இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லே நிறுத்தி வைக்கப்பட்டது. பெங்களூரு டீம் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எப்.சி. வேலைகளை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் இந்தியா சொந்த மண்ணிலேயே சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. மேலே மட்டும் பெயின்ட் அடித்து, அஸ்திவாரத்தை விட்டால் கட்டடம் இப்படித்தான் ஆகும்.

என்ன செய்யலாம்?

பெரிய வெளிநாட்டு கோச் வேண்டாம். கோடிகள் வேண்டாம். மாவட்ட லீக் வருஷா வருஷம் இந்த மாதம் ஆரம்பம், இந்த மாதம் முடிவு என்று தேதி போட்டு நடக்கணும். மாநகராட்சி ஸ்கூல் கிரவுண்டுகளை சாயங்காலம் ஏரியா கிளப்புகளுக்குத் திறந்துவிடணும், ரெண்டு லைட் போட்டுத் தரணும். பம்பு கம்பெனிகள், ஆஸ்பத்திரிகள், காலேஜ்கள் ஆளுக்கு ஒரு டீமைத் தத்தெடுத்து, வருஷத்துக்கு ரெண்டு பையனுக்கு வேலை கொடுத்தால் போதும். மாவட்டத்துக்கு மாவட்டம் மோதும் லீக் ஒண்ணு கேரளா மாதிரி வந்தால், கோவை என்கிற பேரே சட்டையில் இருக்கும்.

அன்றைக்கு கேலரியில் அப்பா தோளில் உட்கார்ந்து கத்திய எட்டு வயசுப் பையனுக்கு இன்றைக்கு பதினைஞ்சு வயசு. இன்னும் மூணு வருஷத்தில் அவன் லேத்துக்குப் போவானா, லீக்குக்குப் போவானா என்பதை முடிவு பண்ண வேண்டியது நாமதானுங்க.