39 டிகிரி காய்ச்சலா?

போன வருடம் ஒரு ராத்திரி ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். "குழந்தைக்கு உடம்பு நெருப்பா கொதிக்குதுடா. ஆனா நீ வாங்கி அனுப்பின தெர்மாமீட்டர் 39.2தான் காட்டுது. மிஷின் கெட்டுப்போச்சு போல." அக்கா மகளுக்கு அப்போது மூன்று வயது.

மிஷின் கெடவில்லை. செல்சியஸில் காட்டியது. 39.2 செல்சியஸ் என்றால் பாரன்ஹீட்டில் ஏறக்குறைய 102.6. உடனே டாக்டரிடம் போகச் சொன்னேன். நல்ல வேளையாக அம்மா மிஷினை நம்பாமல் தன் கையை நம்பினார். "39தானே, 98ஐக்கூடத் தொடவில்லையே" என்று யாராவது குழந்தையைத் தூங்க வைத்திருந்தால்?

பல டிஜிட்டல் தெர்மாமீட்டர்களில் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அலகு மாறிவிடும். யாரோ விளையாட்டாக அழுத்தியிருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் கடுகளவு எழுத்தில் 'சி' என்று இருந்திருக்கும். அறுபது வயதுக் கண்ணுக்கு, அதுவும் இரவு விளக்கில், அது எப்படித் தெரியும்?

நம் ஊரில் இது ஒரு விசித்திரமான குழப்பம். காய்ச்சல் என்றால் பாரன்ஹீட். ஏசி ரிமோட் செல்சியஸ். வானிலை ஆய்வு மையம் தருவது செல்சியஸ். ஆனால் மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் "வெயில் சதம் அடித்தது" என்று வரும். அந்த 100 பாரன்ஹீட், செல்சியஸில் 37.8தான். யாரோ ஒருவர் தினமும் உட்கார்ந்து கணக்குப் போட்டு மாற்றுகிறார். 37.8க்குத் தலைப்பு போட முடியாதே, பாவம்!

கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இன்னொரு குழப்பம் காத்திருக்கிறது. பயாஸ் திரைக்குள் போனால் பிராசஸரின் வெப்பம் 45 என்று இருக்கும். சில மதர்போர்டுகள் பக்கத்திலேயே 113 என்றும் காட்டும். இரண்டும் ஒன்றுதான். ஆனால் வெப்பத்தை அளக்கும் சில சாப்ட்வேர்களில் பாரன்ஹீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "என் கம்ப்யூட்டர் 149 டிகிரியில் ஓடுகிறது, வெடித்துவிடுமா?" என்று கேட்ட நண்பர் எனக்கு உண்டு. அது 65 செல்சியஸ். வேலை செய்யும் பிராசஸருக்கு அது சாதாரணம்.

விண்டோஸ் 11 டாஸ்க்பாரின் ஓரத்தில் வானிலை தெரியும். அமெரிக்க ஆங்கில அமைப்புடன் வந்த கம்ப்யூட்டர்களில் அது பாரன்ஹீட்டில் இருக்கலாம். அதைக் கிளிக் செய்து, திறக்கும் வானிலைப் பெட்டியின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்திடவும். அங்கு அலகை மாற்றிக்கொள்ளலாம். என் கோபமே இதில்தான். மொழியையும் நாட்டையும் வைத்து அலகை ஊகிக்கிற புத்திசாலித்தனம் எங்களைப் போன்ற சாப்ட்வேர்காரர்கள் செய்வது. ஊகிக்கட்டும், ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் அலகைப் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? வெறும் டிகிரி வட்டத்தை மட்டும் போட்டு நிறுத்தும் திரை பாதித் தகவலைத்தான் தருகிறது.

மாற்றுவதற்கு வழிகள் ஏராளம். விண்டோஸ் கால்குலேட்டரின் மெனுவில் வெப்பநிலைக்கு என்றே ஒரு பகுதி உண்டு. கூகுளில் டைப் செய்தாலும் விடை வரும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. "வெப்பம் 2 டிகிரி செல்சியஸ் உயரும்" என்ற செய்தியை அப்படியே மாற்றினால் 35.6 என்று வரும். தவறு! உயர்வு என்பது வித்தியாசம்; அதற்கு 32ஐக் கூட்டக்கூடாது. 1.8ஆல் பெருக்கினால் போதும், 3.6. நீங்கள் எந்த 2 டிகிரியைக் கேட்கிறீர்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

புரோகிராம் எழுதக் கற்பவர்களுக்கு இந்தக் கணக்கு பழைய நண்பன். கெர்னிகன், ரிட்சி எழுதி 1978ல் வெளிவந்த சி மொழிப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே இந்த அட்டவணை வரும். 5ஐ 9ஆல் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்கினால், முழு எண் வகுத்தலில் விடை பூஜ்யம். எல்லாக் காய்ச்சலும் 0 டிகிரி! கல்லூரியில் நானும் இதைச் செய்துவிட்டு அரை மணி நேரம் முழித்திருக்கிறேன்.

98.6 என்ற எண்ணே ஒரு மாற்றல் கணக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868ல் வெளியிட்ட நூலில் சராசரி உடல் வெப்பத்தை 37 செல்சியஸ் என்றார். அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றியதில்தான் அந்தப் புள்ளி ஆறு முளைத்தது. ஏதோ துல்லியமான எல்லை என்று நினைத்து, 99 வந்தால் பதறுகிறோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று உடல் வெப்பம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

மனக்கணக்கு வேண்டுமா? செல்சியஸை இரண்டால் பெருக்குங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32ஐக் கூட்டுங்கள். 39 என்றால் 78, கழித்தால் 70.2, கூட்டினால் 102.2. ஆனால் குழந்தை அழும்போது யாரும் இந்தக் கணக்கைப் போடப் போவதில்லை. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு சின்னச் சீட்டு எழுதி தெர்மாமீட்டர் டப்பாவில் ஒட்டினேன்: 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எழுதற இடத்துல அந்தப் பட்டனை யாரும் அமுக்காதபடி ஒரு டேப்பை ஒட்டேன்" என்றார். ஒட்டினால் ஆன் செய்ய முடியாது. இரண்டுக்கும் ஒரே பட்டன்.