சாவியைக் கொடுப்பதற்கு முன் மூன்று நாள்

கனரக வாகன உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ கோவையின் புறநகரிலோ ஒரு லாரி அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்கிறார். அவருடைய முதல் நாள் எப்படி இருக்கும்? பெரும்பாலும் தெரிந்த ஓட்டுநர் ஒருவரின் சிபாரிசு, உரிமத்தின் நகல், சொந்த ஊர் குறித்த விசாரிப்பு, வண்டியை ஒரு சுற்று ஓட்டிக் காட்டுதல். அவ்வளவுதான். மாலையில் சாவியும் வழிச்செலவுப் பணமும் கைக்கு வந்துவிடும். இரவில் அவர் தேசிய நெடுஞ்சாலையில் இருப்பார்.

இதே இளைஞர் கோவையின் வார்ப்பட ஆலை ஒன்றில் சேர்ந்திருந்தால், இயந்திரத்தின் அருகே தனியாக நிற்பதற்கே சில நாட்களாவது ஆகியிருக்கும். பொதுச் சாலையில் பல டன் எடையைச் சுமந்து செல்லும் வாகனத்துக்கு மட்டும் பணி அறிமுகப் பயிற்சி தேவையில்லை என்றாகிவிட்டது எப்படி?

மறைந்துபோன பள்ளிக்கூடம்

கொங்கு மண்டலத்தில் அந்தப் பயிற்சி ஒருகாலத்தில் வேறொரு பெயரில் இருந்தது. லாரித் தொழிலில் கிளீனராக நுழைந்தவர் சில ஆண்டுகள் இடது பக்க இருக்கையில் அமர்ந்தே தொழிலைக் கற்றார். டயரைத் தட்டிப் பார்த்துக் காற்றின் அளவை அறிவது, தார்ப்பாயைக் கட்டிக் கயிற்றை இறுக்குவது, பின்னோக்கி வரும் வண்டிக்குக் குரல் கொடுப்பது, எந்த இடத்தில் வண்டியை நிறுத்தி உறங்கலாம் என்பது எனப் பலவும் அந்த இருக்கையில் கிடைத்த பாடங்கள். ஆளில்லாத சாலையில் ஸ்டீயரிங் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்த முறையைப் போற்றிப் பாட எதுவுமில்லை. சொற்பக் கூலி, வசவு, சில வேளைகளில் அடி, பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் வேலை என அதன் கொடுமைகள் ஏராளம். இருந்தும், அது அறிவைக் கைமாற்றியது. இன்று வாடகைக்கும் செலவுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியதால் கிளீனருக்குச் சம்பளம் கொடுக்க உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். படித்த இளைஞர்களும் அந்த வேலைக்கு வருவதில்லை. நேஷனல் பர்மிட் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018-இல் நீக்கப்பட்டது. ஆக, புதிய ஓட்டுநர் இன்று பல நேரங்களில் தனியாகவே புறப்படுகிறார். பழைய பள்ளிக்கூடத்தை மூடிய நாம், புதிதாக ஒன்றைத் திறக்கவில்லை.

சட்டம் கேட்பது எவ்வளவு?

போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அபாயகரமான பொருட்களை ஏற்றிச் செல்வோருக்கு மட்டும் மத்திய மோட்டார் வாகன விதிகள் மூன்று நாள் சிறப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. அதன் தேவையைக் கோவை மக்கள் நேரில் கண்டார்கள். 2025 ஜனவரி 3 அன்று அதிகாலையில் அவிநாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்தபோது, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியிருந்தது.

ஆனால், ஆபத்து எரிவாயுவில் மட்டும் இல்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்வோம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை உருட்டினால், வேகத்தைப் பிடித்து நிறுத்தும் இன்ஜினின் உதவி போய்விடுகிறது. முழு எடையும் பிரேக்கின் மீது விழுகிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்போது, முன்னால் செல்லும் காருக்கு ஒதுங்க நேரம் இருப்பதில்லை. பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிக்கும் இதே இயற்பியல்தான். அந்த ஓட்டுநருக்கு மூன்று நாள் பயிற்சி ஏன் கட்டாயமில்லை? 2022-இல் இந்தியாவிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாகின. 17,884 பேர் உயிரிழந்தனர். எல்லா விபத்துக்கும் லாரி காரணமல்ல. என்றாலும், கனரக வாகனம் செய்யும் பிழையின் விலை எப்போதுமே பெரிது.

இருதரப்பு உடன்பாடு

அமெரிக்காவில் புதிதாகக் கனரக உரிமம் கோருவோருக்குக் குறைந்தபட்சப் பயிற்சி 2022 பிப்ரவரி முதல் கட்டாயம். அதன் பிறகும், பணியில் சேரும்போது நிறுவனங்கள் சில நாட்கள் அறிமுக வகுப்பு நடத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை ஓட்டுநர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். நாம் அதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. நமக்குத் தேவையான மூன்று நாட்களில் என்ன இருக்க வேண்டும் என்பதே கேள்வி.

முதலில், எழுத்தில் ஓர் உடன்பாடு: சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, வழியில் விதிக்கப்படும் அபராதத்தை யார் கட்டுவது, காப்பீடு உண்டா. அடுத்து, ஓட்டப்போகும் வண்டியோடு பழக்கம். மூன்றாவதாக, அனுபவமுள்ள ஓட்டுநர் உடன்வர, சுமையோடு ஒரு மலைப்பாதைப் பயணம்.

இவற்றோடு, விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லித்தர வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்புவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. அதை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அவ்வாண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நின்றால் கூட்டம் அடிக்கும் என்பது ஓட்டுநர்களின் நியாயமான அச்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு இந்த அச்சத்தை ஏற்கெனவே கணக்கில் கொண்டிருக்கிறது. கும்பலின் ஆவேசம் போன்ற, கைமீறிய காரணத்தால் இயலாமல் போனாலன்றி, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. காவலர் எவரும் அங்கே இல்லையென்றால், இயன்ற விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தச் சில வரிகளை அறிந்த ஓட்டுநருக்குத் தப்பி ஓடுவதைத் தவிர வேறு வழியும் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, உரிமையாளர் தரும் வாக்குறுதியை. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வகுத்தது. மைலேஜையும் சரக்கு சேரும் நேரத்தையும் மட்டும் கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில், பயிற்சி பெற்ற ஓட்டுநரும் நியூட்ரலில்தான் இறங்குவார். கண் சொருகும்போதும் வண்டியை நிறுத்த மாட்டார். ‘அதிக பாரம் ஏற்றச் சொல்ல மாட்டோம், உறங்குவதற்கு நிறுத்தினால் பேட்டாவைப் பிடிக்க மாட்டோம்’ என்று முதல் நாளே உரிமையாளர் சொல்ல வேண்டும். இந்தச் சொல் இல்லாத பயிற்சி வெறும் சான்றிதழாகவே எஞ்சும்.

யார் நடத்துவது?

ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர் வகுப்பு நடத்த முடியுமா என்று கேட்பார்கள். பயிற்சி பெற்றவர் அடுத்த மாதமே வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டால் செலவு வீண்தானே என்றும் கேட்பார்கள். இரண்டும் சரியான கேள்விகள். அதனால்தான் இதைத் தனித்தனி உரிமையாளர்களிடம் விடாமல், சங்கங்கள் பொதுவாக ஏற்க வேண்டும் என்கிறேன். வலுவான லாரி உரிமையாளர் சங்கங்களும், அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையமும் நாமக்கல்லிலேயே உள்ளன. அங்கே தரும் சான்று எல்லா அலுவலகங்களிலும் செல்லுபடியானால், ஓட்டுநர் எங்கு போனாலும் செலவு வீணாகாது, தொழிலுக்குள்ளேயே தங்கும். அந்த மூன்று நாளுக்கும் ஓட்டுநருக்குச் சம்பளம் தரப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோவையின் பம்பு, வார்ப்பட ஆலைகளுக்கும் திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வண்டி பிடிக்கும்போது வாடகையைக் கேட்கும் அவர்கள், ஓட்டுநர் பயிற்சி பெற்றவரா என்றும் கேட்கத் தொடங்கினால் உரிமையாளர்கள் மாறுவார்கள். போக்குவரத்துத் துறை இந்த மூன்று நாளை அபாயகரமான சரக்குக்கு மட்டும் என்றில்லாமல், கனரக வாகனத்தில் முதன்முறை பணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் விரிவாக்க வேண்டும். ஓட்டுநர் கிடைக்கவில்லை என்ற புலம்பல் கொங்கு மண்டலமெங்கும் கேட்கிறது. முதல் நாளில் மதிப்போடு வரவேற்று, தொழிலைச் சொல்லித்தரும் இடத்துக்கே இளைஞர்கள் வருவார்கள்.